வீடுகளைத் திருப்பியவர்

செத்துக் கிடந்த ஒருவரைப் புரட்டிப் பார்த்ததற்காக எங்கள் ஒழுங்கை றோட்டில் ஏறுகிற முகப்பில், என் வீட்டில் இருந்தவர் நுகத்தடியால் அடி வாங்கினார். முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு முழங்காலில் விழுந்தார். விழுந்தபடியே, கையிலிருந்த அளவுநாடாவையும் விடாமல், செத்தவரின் தோளைப் பிடித்து இன்னும் கொஞ்சம் புரட்டினார்.

செத்தவர் வண்டில்காரர். கத்தரிக்காய் மூட்டைகளோடு கொடிகாமம் சந்தைக்குப் புறப்பட்டவர். ஷெல் வண்டிலுக்குப் பக்கத்தில் விழுந்தது. ஒரு மாடு நின்ற இடத்திலேயே செத்துவிட்டது. மற்ற மாடு செத்த மாட்டையும் இழுத்துக்கொண்டு வேலிவரை போயிருந்தது. கத்தரிக்காயும் இரத்தமும் மண்ணோடு குழைந்து கிடந்தன. பெண்கள் நாங்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று குழறினோம். அவர் குழறவில்லை. காயம் எந்தப் பக்கத்தால் உள்ளே போனது, எந்தப் பக்கத்தால் வெளியே வந்தது என்று செத்தவரின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். வண்டில்காரரின் மூத்த மகன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அதைக் கண்டுவிட்டுத்தான் நுகத்தடியைக் கழற்றினான்.

"என்ரை அப்பரை மாட்டுத்தோல் மாதிரிப் புரட்டுறியோடா?"

நாலு பேர் சேர்ந்து மகனைப் பிடித்தார்கள். இவர் எழும்பி வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பிவிட்டு, "மேற்காலைதான் வந்தது. கொஞ்சம் வடக்குச் சரிவு" என்றார். ஆமி முகாம் இருந்த பக்கம் அது. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. என் வீட்டு முன்னறையில் ஒன்றரை வருசம் வாடகைக்கு இருந்தவர் என்று சொன்னால் போதும்.

எங்கள் வளவு சாவகச்சேரிப் பட்டினத்திலிருந்து ஒன்றரை மைல்கட்டை தள்ளி இருக்கிறது. வீடும் காணியுமாகப் பதினெட்டுப் பரப்பு. என் தகப்பனார் எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. என் மனுசன் கண்ணை மூடின பிறகு நான் ஒருவர் வாசலிலும் போய் நின்றதில்லை. முன்னறையை வாடகைக்கு விட்டதுகூட, வீட்டில் ஓர் ஆண்குரல் கேட்கட்டும் என்றுதான். என் மகள் ராணி மட்டும்தான் என்னோடு. அவளுடைய புருசன் கொழும்பில் வேலையாக நின்று இடைக்கிடை வந்துபோனவர், எண்பத்தேழு மாசியில் ஜேர்மனிக்குப் போய்விட்டார்.

அவர் வந்த அன்று, லொறியில் இருந்த பெட்டிகளை இறக்க முதல் செய்த வேலை, சுவரில் இருந்த பிள்ளையார் படத்தைக் கழற்றி அதன் முதுகைப் பார்த்தது. நான் தேத்தண்ணியோடு போனேன். அவருடைய கையில் பிள்ளையார் தலைகீழாக இருந்தார்.

"தம்பி, அது சாமிப்படம்" என்றேன்.

"ஓமக்கா. முன்பக்கம் நல்லாத்தான் இருக்கு. பின்னாலை பாருங்கோ, கறையான் பிடிச்சிருக்கு."

பிடித்துத்தான் இருந்தது. எனக்குச் சந்தோசம் வரவில்லை. என் வீட்டுக் கறையானை நேற்று வந்த ஒருவர் எனக்குக் காட்டுவதா என்ற கோபம்தான் வந்தது.

அவருடைய பழக்கம் அது. கதிரையில் இருக்க முதல் கதிரையைக் கவிழ்த்துப் பார்ப்பார். நான் கொடுத்த தட்டத்தை, சோறு போட முதல், திருப்பி அடியைப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக் குழந்தை வந்தால் அதன் நாடியைப் பிடித்து மெல்லத் திருப்பிப் பிடரியைப் பார்ப்பார். குழந்தை அழும். மனிசரோடு கதைக்கும்போதுகூட, முகத்தைப் பார்க்காமல் ஒரு பக்கமாக நடந்துபோய், பின்னுக்கு நின்று கதைப்பார். ராணிக்கு அதில் பெரிய பயம். "அந்தாள் என்ரை முதுகோடை கதைக்குது அம்மா" என்பாள். நல்ல மனுசன் என்று எனக்குத் தெரிந்தாலும், அவர் பின்னால் வந்து நிற்கும்போது எனக்கும் தோள்பட்டை கூசும்.

அந்த லொறியில் வந்தவற்றில் ஒன்று கொம்பியூட்டர். எண்பத்தாறாம் ஆண்டு எங்கள் பக்கத்தில் அதைக் கண்டவர்கள் இல்லை. வெளிநாட்டில் கப்பல் கட்டுகிற இடத்தில் படம் கீறினவர் அவர். வரும்போது கொண்டுவந்தது. டிவி போல ஒரு பெட்டி, அதற்கு முன்னால் எழுத்துக் கட்டைகள், பக்கத்தில் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு சாமான், அதற்கு வால் போல ஒரு வயர். அதை எலி என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த எலியையும் பிறகு ஒருநாள் கவிழ்த்து, வயிற்றுக்குள் இருந்த சின்னப் பந்தை வெளியே எடுத்து, அதில் ஒட்டியிருந்த எங்கள் வீட்டுப் புழுதியை எனக்குக் காட்டினார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

ஒருநாள் கரண்ட் இருந்த பின்னேரம் என்னைக் கூப்பிட்டார். கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகளால் ஒரு வீடு. சுவரும் இல்லை, ஓடும் இல்லை, பந்தல் போட நட்ட கம்புகள் மாதிரிக் கோடுகள் மட்டும். அவர் எலியை மேசையில் தள்ளினார். அது உடனே அசையவில்லை. கொஞ்சம் யோசித்தது. பிறகு ஒரு குதி குதித்து வீடு திரும்பியது. மறுபடியும் தள்ளினார். மறுபடியும் ஒரு குதி. நான் பார்த்துக்கொண்டிருக்க, நான் சமைக்கிற குசினி வந்தது, நெல்லறை வந்தது, கிணறு ஒரு வளையமாக வந்தது. அது என் வீடு. காகம் பார்க்கிற மாதிரி என் வீட்டை நான் மேலே நின்று பார்த்தேன். எனக்குத் தலை சுற்றி மேசையைப் பிடித்தேன்.

"நீங்கள் திருப்பிப் பாருங்கோ அக்கா" என்றார்.

உலக்கை பிடித்த கை இது. அந்தச் சின்னச் சாமானுக்குப் பயப்படுவதா? பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினேன். எலி மேசை முடிந்து கீழே விழுந்து வயரில் தொங்கியது. அவர் அதை எடுத்து மேசையில் வைத்தார். இடம் முடிந்தால் தூக்கி எடுத்து, திரும்ப நடுவில் வைத்துத் தள்ள வேண்டும் என்று காட்டினார். இரண்டு தரத்தில் பழகிவிட்டேன். ஆனால் ஒன்று மட்டும் கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. கோடுகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் திடீரென்று வீட்டின் முன்பக்கம் பின்பக்கமாக மாறிவிடும். யாரும் எலியைத் தொட்டிருக்கமாட்டார்கள். கண் இமைத்தால் மாறியிருக்கும். அவரிடம் சொன்னேன்.

"ஓம். எனக்கும் அப்பிடித்தான். அதுக்குத்தான் கிணத்தைக் கீறி வைச்சிருக்கிறன். கிணறு எங்கை எண்டு பாத்தால் முன்னும் பின்னும் பிழைக்காது."

இன்னொரு வீடும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அதை அவர் எனக்குக் காட்டவில்லை, நான்தான் கண்டேன். மத்தியானத்தில் சோறு கொண்டுபோனபோது அந்த வீட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அதன் நடு அறையில் ஒரு புள்ளி இருந்தது. சோற்றை வைத்துவிட்டு வந்தேன். தட்டம் எடுக்கப் போனபோது சோறு அப்படியே இருந்தது, வீடு சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆரின்ரை வீடு தம்பி?"

"எங்கடை. பண்டத்தரிப்பிலை."

"அந்தப் புள்ளி?"

"அம்மா."

அதன் பிறகுதான் துண்டு துண்டாகச் சொன்னார். சண்டை என்றால் வீட்டின் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தாய்க்கு அவர்தான் சொல்லிக் கொடுத்தாராம். அங்கே ஆமி முகாம் இருந்த பக்கத்துக்கு நாலு சுவர் மறைப்பு. எல்லாம் அளந்து சொன்னது. அன்று ஷெல் கடல் பக்கத்தால் வந்தது. அந்தப் பின்பக்கத்தில் ஒரு ஜன்னல்தான் இருந்தது. தாயை அவர் வாரி எடுத்த விதத்தையும் சொன்னார். அதை நான் எழுதமாட்டேன். சொல்லும்போது அவருடைய கை எலியை விடவில்லை.

வண்டில்காரர் செத்த எட்டாம் நாள், அவருடைய மகன் என் படலையில் வந்து நின்றான். நுகத்தடியால் அடித்த அதே மகன். தலை குனிந்திருந்தது. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், பதுங்க எங்கே பங்கர் வெட்டுவது என்று கேட்டான். இவர் ஒரு சொல்லும் பழையது கதைக்கவில்லை. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு அவனோடு போனார். திரும்பி வந்து அவர்களுடைய வீட்டைக் கீறினார். கீறி முடிய மகனைப் பக்கத்தில் இருத்தி, எலியைத் தள்ளி, வீட்டைச் சரித்து, மேற்கிலிருந்து மேலே நின்று பார்க்கிற மாதிரி நிறுத்தினார்.

"இப்ப நாங்கள்தான் ஷெல். ஷெல்லுக்கு என்ன தெரியுது எண்டு பாப்பம். தெரியாத இடத்திலை வெட்டுவம்."

அந்தச் சொல்லைக் கேட்டு மகன் எழும்பி, பிறகு திரும்பவும் இருந்து பார்த்தான். ஆனால் அதன் பிறகு சனம் வரத் தொடங்கிவிட்டது. ஒழுங்கையில் பாதி வீடுகள் அந்தப் பெட்டிக்குள் போய்ச் சுழன்று வந்தன. அவர் காட்டின இடத்தில் பங்கர் வெட்டினார்கள். யாராவது மாறிக் கதைத்தால் அவருக்கு விசர்க் கோபம் வரும். பலாமரத்தின் கீழ் நிழலுக்கு வெட்டப்போகிறேன் என்று சொன்ன ஒரு வாத்தியாரை, என் விறாந்தையில், என் கண்முன்னால், கன்னத்தில் அறைந்தார். வாத்தியாரின் கண்ணாடி முற்றத்தில் போய் விழுந்தது. பிறகு தானே போய்க் குனிந்து எடுத்து, துடைத்து, அவர் முகத்தில் மாட்டிவிட்டு, "மரம் விழுந்தால் உங்களை ஆர் கிளப்புறது?" என்று அழுகிற குரலில் கேட்டார்.

என் வளவில் மட்டும் பங்கர் இல்லை. ராணி அப்போது ஐந்து மாதம். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வளவில் கிடங்கு வெட்டுவதில்லை. கிணறு தோண்டுவதில்லை, அத்திவாரம் வெட்டுவதில்லை. என் தாய்க்கும் அப்படி, எனக்கும் அப்படி. தெரிந்துகொண்டே வெட்டி, பிள்ளைக்கு ஏதும் ஒன்று வந்தால் நான் யாரைக் கேட்பது?

"நெல்லறைக்குப் பின்னாலை ஆறடி. ரெண்டு நாள் வேலை அக்கா."

"பிள்ளை பிறந்து துடக்குக் கழியட்டும். அதுவரைக்கும் என்ரை வளவிலை மண்வெட்டி விழாது."

"அதுவரைக்கும் ஷெல்லை நிப்பாட்டச் சொல்லிக் கடிதம் போடுவமோ?"

"தம்பி, நீர் வாடகைக்கு இருக்கிறனீர்."

கையிலிருந்த மூக்குப்பேணியைத் தேத்தண்ணியோடு சுவரில் எறிந்தார். பித்தளை நெளிந்தது. "நீங்கள் உங்கடை பிள்ளையைக் கொல்லப்போறியள்" என்று கத்தினார். நானும் கத்தினேன். நாளைக்கே அறையை விட வேண்டும் என்றேன். ராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு நின்றாள்.

அவர் போகவில்லை. நானும் இரண்டாம் தரம் சொல்லவில்லை. மூன்று நாள், கரண்ட் இருந்த நேரமெல்லாம் என் வீட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கிடங்கு வெட்டாமல் ஒரு கர்ப்பிணியை மறைக்கக்கூடிய இடம் வேண்டும். நாலாம் நாள் கண்டுபிடித்தார். குசினிக்கும் நெல்லறைக்கும் இடையில் ஒரு மூலை. மேற்கிலிருந்து பார்த்தால் முழு வீடும் அதற்கு முன்னால் நிற்கிறது. அதன் வாசல் பின்பக்கம், கிழக்கைப் பார்த்து. அதற்கு மண்மூட்டை அடுக்கவும் என் வளவில் ஒரு பிடி மண் எடுக்க நான் விடவில்லை. வண்டில்காரரின் மகன் கோயில் கேணியடியிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் அடுக்கி, மேலே பனங்குற்றி பரப்பினார்கள். அவர் எங்களுக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். சத்தம் கேட்டால் முன்பக்கம் போகக்கூடாது. முன்வாசல், முன்சுவர், முன்படி, எல்லாம் ஷெல்லுக்கு முகம். நெல்லறை மூலைக்குத்தான் ஓட வேண்டும். ஓடிப் பழக்கினார். வயிற்றோடு ராணியும் ஓடினாள்; நான் கையை நீட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அவர் பின்னர் என்ன ஆனார் என்று கேட்பவர்களுக்குச் சொல்லுகிறேன். அந்த வருச முடிவில் வன்னிப் பக்கம் போனார். கொம்பியூட்டரைக் கொண்டுபோகவில்லை, கொண்டுபோக அதில் ஒன்றும் மிச்சமில்லை. தொண்ணூற்றைந்தில் நாங்கள் எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது கிளாலிக் கரையில் அவரைக் கண்டதாக ஒருவர் சொன்னார். உண்மையோ தெரியாது.

எண்பத்தேழு ஐப்பசியில், சமாதானம் காக்க என்று வந்திருந்த வேறு ஆமியோடு சண்டை தொடங்கியது. கரண்ட் அறுந்துவிட்டது. ராணிக்கு விடிய வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்காவைக் கூப்பிட்டேன். எங்கள் பகுதியில் முப்பது வருசம் பிள்ளை எடுத்த கை. அவ வெந்நீரும் பழஞ்சீலையும் கத்தரிக்கோலுமாக வந்தா. மூன்று பெண்களும் அந்த மூலைக்குள் இருந்தோம். காலை எட்டு மணியளவில் ஷெல் வரத் தொடங்கியது.

இவர் எங்களோடு வரவில்லை. முன்னறை மேசையில் இருந்தார். தண்ணீர் எடுக்கப் போனபோது கண்டேன். திரை கறுத்துக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு எலியைப் பிடித்திருந்தார். ஒரு வெடி கேட்கும். கொஞ்சம் பொறுத்து, விழுகிற சத்தம் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் எலியைக் கொஞ்சம் நகர்த்துவார். இடம் முடிந்தால் தூக்கி நடுவில் வைப்பார். கரண்ட் இல்லாத பெட்டியில் ஒரு மனுசன் இப்படிச் செய்தால் நான் என்ன நினைப்பேன்? தாயை நினைத்து மூளை தட்டிவிட்டது என்று நினைத்தேன்.

நான் வந்து இருந்து கொஞ்ச நேரத்தில் ஓடிவந்தார்.

"எழும்புங்கோ. இது கிழக்காலை வருது. இந்த மூலைதான் இப்ப முகம். முன்சுவரடிக்கு வாங்கோ."

முன்பக்கம் போகாதே என்று நாலு மாதம் ஓதின மனுசன், வலி உச்சத்தில் இருந்த பிள்ளையை முன்பக்கம் கொண்டுவரச் சொல்லுகிறார். ராணி கத்திக்கொண்டிருந்தாள். செல்லம்மாக்கா, "தலை இறங்கிட்டுது, அசைக்கேலாது" என்றா. நான் முடியாது என்றேன். அவர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. குனிந்து ராணியின் இரண்டு கக்கத்துக்குள்ளும் கையைக் கொடுத்து வெளியே இழுத்தார். அவளுடைய குதிக்கால் நிலத்தில் கோடு கீறியது. வெந்நீர் கவிழ்ந்து அவருடைய காலில் ஊற்றியது. விடவில்லை.

குசினி மூலையில் உலக்கை இருந்தது. எடுத்தேன். முதல் அடி தோளில். இரண்டாவது அடியை வலக்கையில், மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது, காய்ந்த மட்டை முறிகிற மாதிரி. அவர் ஒருதரம் முனகினார். அந்தக் கை தொங்கியது. இடக்கையால் ராணியின் தலைமயிரையும் சட்டையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கூடத்தால் முன்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் பின்னால் ஓடினேன். செல்லம்மாக்காவும் சீலையை அள்ளிக்கொண்டு எழும்பினா. நான் திரும்பிச் சொன்னேன்:

"நீங்கள் உதிலை இருங்கோ அக்கா. உந்தாளுக்கு விசர். நான் பிள்ளையைத் திருப்பிக் கொண்டு வாறன்."

அவ இருந்துவிட்டா.

முன்படி தாண்டியிருப்பேன். வீடு முழுவதும் ஒருதரம் மேலே எழும்பி இருந்த மாதிரி இருந்தது. ஓடுகள் எங்கள் மேல் கொட்டின. அவர் ராணியின் மேல் குனிந்து நின்றார், முதுகில் ஓடு விழுந்து உடைந்தது. இரண்டாவது ஷெல்லும் அதே மூலைக்குத்தான். காது அடைத்துவிட்டது. ராணி வாயைத் திறப்பது தெரிகிறது, சத்தம் இல்லை.

பிள்ளை அந்த முன்சுவரடியில் பிறந்தது. நான்தான் எடுத்தேன். கத்தரிக்கோல் இல்லை. அவருடைய சட்டைப்பையில் பென்சில் சீவுகிற பிளேட் இருந்தது. ஆண்பிள்ளை. அழுததைக் காதால் கேட்கவில்லை, கையில் நெஞ்சு துடித்ததை வைத்துத்தான் அழுகிறது என்று தெரிந்தது.

மத்தியானம் ஷெல் ஓய்ந்தது. நானும் அவரும் பின்பக்கம் போனோம். நெல்லறை இல்லை. நெல் முழுக்கச் சிதறி, புகைந்து, அரிசி கருகின மணம் வந்தது. செல்லம்மாக்கா பனங்குற்றிக்குக் கீழே குப்புறக் கிடந்தா. இடுப்புக்குக் கீழே தெரியவில்லை. கையில் பழஞ்சீலை.

அவர் குனிந்து புரட்டுவார் என்று காத்திருந்தேன். புரட்டவில்லை. இடக்கையால் ஒரு சாக்கை இழுத்து அவவின் மேல் போட்டார். வலக்கை முழங்கைவரை வீங்கி, நிறம் மாறித் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். என்மேல் குறையாகச் சொல்லவில்லை. ஒரு அளவு சொல்லுகிற மாதிரிச் சொன்னார்.

"அவவையும் சேத்து இழுத்திருப்பன் அக்கா. ஒரு கைதான் இருந்தது."

அவ வரத்தான் எழும்பினா என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.